ஏழு அரசியரில் உங்களுக்குப் பிடித்தவள் யார், ஏன்?

பள்ளத்தூர்ப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் நாங்கள் எட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வீட்டு முகப்பில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறோம். இப்போது படித்துக்கொண்டிருப்பது டோல்கீனின் ‘சில்மரில்லியன்’. அவர் 1973இல் காலமான பிறகு மகன் கிறிஸ்டோபர் தொகுத்து 1977இல் வெளிவந்தது. அதில் உலகத்தைக் காத்து நடத்தும் பதினான்கு பேர் வருகிறார்கள், ஏழு ஆண், ஏழு பெண். வரும் ஞாயிறு அந்த ஏழு அரசியரில் ஆளுக்கு ஒருத்தியை எடுத்துக்கொண்டு அவளுக்காகப் பேச வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது.

படிக்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வார்தா நட்சத்திரங்களை ஏற்றியவள். யவன்னா மண்ணில் முளைக்கும் எல்லாவற்றுக்கும் தாய். எஸ்தே காயத்தையும் களைப்பையும் ஆற்றுபவள். வைரே நடந்தது எல்லாவற்றையும் துணியாக நெய்பவள். வானா போகிற வழியில் பூ மலரும். நெஸ்ஸா மான்கள் பின்னால் வர ஓடுபவள், ஆடுபவள். நியென்னா அழுபவள்.

எட்டுப் பேரில் ஐந்து பேர் வார்தா என்று சொல்லிவிட்டார்கள். நான் நியென்னா என்றேன். பக்கத்திலிருந்த தோழி, “எப்பவும் அழுதுகிட்டே இருக்கிற சாமிகிட்ட போயி என்னத்தக் கேப்ப?” என்றாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டாள். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் வந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் எங்கள் ஆயா (பாட்டி) தவறிப்போனார்கள். வளவில் கிடத்தியிருந்தோம். வந்தவர்கள் எல்லாம் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், யாருக்குச் சொல்லியாச்சு, யாருக்குச் சொல்லலை, சென்னையிலிருந்து கார் எங்கே வருகிறது என்று. எனக்கு அழுகையே வரவில்லை, அது எனக்கே பயமாக இருந்தது. பத்து மணி வாக்கில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். எங்களுக்கு உறவு இல்லை, ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக்கு நெல் அவிக்க வந்தவராம். நேரே போய் ஆயா தலைமாட்டில் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஒப்பாரி எடுத்தார். எங்கள் ஐயா மலாயாவுக்குப் போயிருந்தபோது ஏழு மாதம் கடிதம் வராமல் ஆயா இரண்டாம் கட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை அந்தப் பாட்டில்தான் நான் முதல்முறையாகக் கேட்டேன், என் அம்மாவுக்கே அது தெரியாது. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு அழுத மாதிரி நான் அழுததில்லை. முடிந்ததும் அந்தப் பாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, “காலையிலேருந்து நீ ஒண்ணும் திங்கல, போயி ரெண்டு இட்லி தின்னுட்டு வா” என்றார்.

நியென்னாவைப் பற்றிப் படித்தபோது அந்த முகம்தான் வந்தது. அவள் தனக்காக அழுவதில்லை என்று டோல்கீன் தெளிவாக எழுதியிருக்கிறார். அவள் அழுகையைக் கேட்பவர்கள் இரக்கத்தையும், நம்பிக்கை விடாமல் தாங்கிக்கொள்வதையும் கற்றுக்கொள்கிறார்கள். இறந்தவர்களை வைத்துக் காக்கும் மாண்டோஸ் என்ற தெய்வத்தின் மண்டபத்தில் காத்திருப்பவர்கள் கூப்பிடுவது அவளைத்தான். அவள் வீடு மேற்குக் கோடியில் உலகத்தின் விளிம்பில் இருக்கிறது, ஜன்னல்கள் உலகத்துக்கு வெளியே பார்க்கின்றன. கணவன் கிடையாது, தனியாகத்தான் இருக்கிறாள்.

கும்பிடுவதற்கு எனக்குக் கொப்புடையம்மன் இருக்கிறாள், அதையும் இதையும் யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கதைக்குள் போனால் உங்கள் மனம் யாரிடம் போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி. ‘அழகு’, ‘சக்தி’ என்று மட்டும் போடாமல் கதையில் எந்த இடம் என்று சொல்லுங்கள்.

தச்சுப்பட்டறை:

எனக்கு யவன்னா. யோசிக்கவே வேண்டியதில்லை.

எங்களுக்குத் தச்சு வேலை. முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நீங்கள் பார்க்கும் பழைய தூண், நிலை, கதவு இதையெல்லாம் சீர்செய்து கொடுக்கிறோம். முக்கால்வாசி பர்மாத் தேக்கு. கப்பலில் வந்து நம் ஊரில் தூணாக நின்று, இப்போது வீட்டைப் பிரிக்கும்போது மறுபடியும் லாரி ஏறுகிறது. தூணின் அடியில் கறை பிடித்த இடத்தை ஒரு விரற்கடை அறுத்தால் உள்ளே புது மரம் மாதிரி எண்ணெய் வாசம் வரும், தூள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். நூறு வருஷம் வீட்டைத் தாங்கி நின்ற பிறகும் அந்த வாசம் போகவில்லை. முதல்முறை அதை முகர்ந்த அன்று நான் கொஞ்ச நேரம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் சண்டை போடும் இடம். யவன்னாவின் கணவன் ஔலே, கொல்லனும் தச்சனும் எல்லாமும் அவன்தான். அவன் ஒருவருக்கும் சொல்லாமல் குள்ளர்களைப் படைத்துவிடுகிறான். அவளுக்கு அது தெரிந்ததும், உன் பிள்ளைகள் உன்னை மாதிரியே கைவேலைக்காரர்களாக இருப்பார்கள், என் மரங்களை வெட்டித் தள்ளுவார்கள், மரத்துக்கு வாய் இல்லையே, ஓடவும் முடியாதே என்று அவள் பதறிப்போகிறாள். அந்தப் பதற்றத்தோடு அந்தப் பதினான்கு பேருக்கும் அரசனான மான்வேயிடம் போய்ப் பேசுகிறாள். அதிலிருந்துதான் என்டுகள் வருகிறார்கள், காட்டுக்குள் நடந்து திரிந்து மரங்களை மேய்க்கும் இடையர்கள். அவள் சந்தோஷமாகத் திரும்பி வந்து, இனி உன் பிள்ளைகள் பார்த்து நடந்துகொள்ளட்டும், காட்டில் காவல் இருக்கிறது என்கிறாள். ஔலே என்ன சொல்கிறான்? அப்படியிருந்தாலும் அவர்களுக்கு மரம் வேண்டுமே என்று சொல்லிவிட்டு உலைக்களத்தில் வேலையைப் பார்க்கிறான். அத்தியாயம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இரண்டு பேர் சொல்வதும் சரி. நான் தொழிலால் ஔலே பக்கத்து ஆள், மரம் அறுக்காமல் எனக்குச் சோறு இல்லை. ஆனால் மனசு அவள் பக்கம்தான் நிற்கிறது. அவள் அவனைச் சபிக்கவில்லை, அவனை விட்டுப் போகவும் இல்லை. மரத்துக்கு ஒரு காவல் கேட்டு வாங்கினாள். நம் பக்கத்தில் ஊருணிக் கரையெல்லாம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, வெட்டினால் தூரிலிருந்து திரும்ப வருகிறது. எங்கள் தெருப் பையன்களோடு சேர்ந்து ஒரு கரையில் தூரோடு தோண்டி எடுத்துவிட்டு வேம்பும் புங்கனும் வைத்தோம். பதினாறு வைத்தோம், ஒன்பது பிழைத்திருக்கிறது. ஆடு மேயாமல் இருக்க முள் கட்டியிருக்கிறோம்.

ஆச்சி, உங்கள் நியென்னாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. சூரியனும் சந்திரனும் வருவதற்கு முன்னால் தெய்வங்களின் நாட்டுக்கு ஒளி தந்த இரண்டு மரங்கள் முளைத்ததே இவள் பாட்டிலும் அவள் கண்ணீரிலும்தான். இவள் உட்கார்ந்து பாடினாள், அவள் பேசாமல் மண்ணைக் கண்ணீரால் நனைத்தாள். அதனால் ஞாயிறு அன்று யவன்னாவுக்குப் பேச ஆள் இல்லையென்றால், இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

தேவகோட்டை வாத்தியார்:

அம்மா பள்ளத்தூர்ப் பெண்ணே, நீ எழுதியதை இரண்டு தரம் படித்தேன். ஒப்பாரி பற்றி எழுதிய இடம் மனதைத் தொட்டது. ஆனால் எனக்கு நியென்னாவிடம் ஒரு வழக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது.

மெல்கோர், அந்தத் தெய்வங்களுக்கு எதிராகக் கிளம்பிய கெட்டவன், எத்தனை கெடுதல் செய்தவன். அவனைச் சங்கிலியில் கட்டி மாண்டோஸின் சிறையில் மூன்று யுகம் அடைத்தார்கள். யுகம் முடிந்ததும் மான்வேயின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறான். அப்போது அவனுக்காகப் பரிந்து பேசியவள் யார்? உன் நியென்னா. அவிழ்த்துவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது? உங்கோலியன்ட் என்ற அந்தச் சிலந்திப் பூதத்தைக் கூட்டிவந்து இரண்டு மரங்களையும் குத்தினான், அவள் விஷம் ஏற்றிச் சாகடித்தாள். தெய்வங்களின் நாடே இருண்டது. நியென்னா மேட்டில் ஏறி முக்காட்டை விலக்கி அழுது அந்த அழுக்கைக் கழுவினாள், வாஸ்தவம். ஆனால் மரம் பிழைக்கவில்லை. அவள் கண்ணீரால் அந்தக் காயம் ஆறவில்லை என்று ஆசிரியரே எழுதிவிட்டார். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றவன் நான், மன்னிக்கக் கூடாத நேரத்தில் மன்னித்துவிட்டு மற்ற பிள்ளைகள் அடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் ஓட்டு வார்தாவுக்கு. அவள் ஒளிக்காக அல்ல, அவள் தெளிவுக்காக. உலகம் தோன்றுவதற்கு முன்னாலேயே மெல்கோரைப் பார்த்து, இவன் வேண்டாம் என்று ஒதுக்கியவள். அவன் மற்ற எல்லோரையும்விட அவளிடம்தான் பயந்தான். அப்புறம், இருட்டில் எல்ஃபுகள் என்ற முதல் மக்கள் கண் விழிக்கப் போகிறார்கள் என்றபோது, அந்த இரண்டில் வெள்ளி மரத்தின் பனித்துளியை எடுத்துப் புதிய நட்சத்திரங்களைச் செய்து வைத்தாள். அவர்கள் கண்ணில் முதலில் பட்டது அந்த வெளிச்சம்தான். எத்தனையோ காலத்துக்குப் பிறகு, டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில், சாம் என்ற தோட்டக்காரன் பெரிய சிலந்தியின் முன்னால் ஒற்றை ஆளாக நிற்கும்போது, அவள் பெயர்தான் தானாக அவன் வாயில் வருகிறது.

இன்னொன்று. யாரோ வெளிநாட்டுக்காரர் கற்பனையில் எழுதிய அம்மன்களுக்கு நமக்குள் என்ன பேச்சு என்று கேட்பவர்கள் நம் ஊரில் உண்டு, என்னிடமும் கேட்டார்கள். காரைக்குடியில் கம்பன் மணிமண்டபத்துக்குப் பக்கத்தில் தமிழ்த்தாய்க்குக் கோயில் இருக்கிறது. 1975இல் அடிக்கல் நாட்டி 1993இல் திறந்தது. பேசுகிற மொழியைத் தாயாகப் பார்த்து, சிற்பியைக் கொண்டு உருவம் செய்து, கருவறையில் வைத்த ஊர் நம்முடையது. டோல்கீனும் முதலில் மொழியைத்தான் உண்டாக்கினார். அந்த மொழியைப் பேச ஒரு உலகம் வேண்டும் என்றுதான் கதை வளர்ந்தது. சொல்லிலிருந்து ஒரு தெய்வம் பிறப்பது நமக்கு அந்நியம் இல்லை.

இரவுப்பணி:

நான் செவிலியர். இந்த மாதம் முழுக்க இரவு வேலை, அதனால் சுருக்கமாக.

எஸ்தே. அவள் பகலில் நடமாட மாட்டாள், ஏரி நடுவில் மர நிழலில் ஒரு தீவில் தூங்குவாள். சாம்பல் நிற உடை. அவள் கொடுக்கும் வரம் ஓய்வு, அவ்வளவுதான். இதைப் படித்த அன்று காலை ஏழரை மணி, வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன், கன்னத்தில் கண்ணீர் வந்துவிட்டது. பகலில் தூங்குவதை ஒரு குறையாகச் சொல்லியே கேட்டுப் பழகியவள் நான். மாமியார் வீட்டில் வாசல் தெளிக்கும் நேரத்துக்கு நான் படுக்கப் போகிறேன் என்று ஜாடையாகப் பேசுவார்கள். பகலில் தூங்குகிற ஒரு தெய்வம், அவளும் ஆற்றுகிறவள், அவளும் அவள் கணவனும் காக்கும் ஊற்றிலிருந்துதான் மற்ற தெய்வங்களே தெம்பு எடுத்துக்கொள்கிறார்கள்.

புத்தகத்தில் அவளுக்கு ஒரு பத்தி இருந்தால் அதிகம். எனக்கு அது போதும்.

பள்ளத்தூர்ப் பெண்:

இரவுப்பணி அக்கா, நீங்கள் எழுதியதை எங்கள் குழுவில் அப்படியே வாசிக்கலாமா? எஸ்தேவை யாருமே எடுக்கவில்லை.

வாத்தியார் ஐயா, உங்கள் வழக்கு நியாயமானது. இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெல்கோரை விட்டது தப்பாகத்தான் முடிந்தது. ஆனால் பரிந்து பேசியவள் ஒருத்தி, அவிழ்த்துவிட முடிவு எடுத்தவன் மான்வே. அவனுக்குக் கெடுதல் என்பதே புரியாததால் மெல்கோர் திருந்திவிட்டான் என்று நம்பினான். அவன் மனைவி வார்தாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது இது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வரும் மந்திரவாதி கந்தால்ஃப் மனித உலகத்துக்கு வருவதற்கு முன்னால் ஒலோரின் என்ற பெயரில் நியென்னாவின் வீட்டுக்கு அடிக்கடி போவான், இரக்கமும் பொறுமையும் அவளிடம்தான் படித்தான். பிற்பாடு, தீய மோதிரத்தை அழிக்கச் சுமந்து போகும் ஃப்ரோடோ, அந்த மோதிரத்துக்கு அடிமையாகிப்போன கோல்லமை அன்றே கொன்றிருக்கலாமே என்று ஆத்திரப்படும்போது, கொல்லாமல் விட்டது இரக்கம், அதற்கு ஒரு பயன் இருக்கும் என்று சொல்வது அந்தக் கந்தால்ஃப்தான். கடைசியில் எரிமலை விளிம்பில் ஃப்ரோடோவால் மோதிரத்தை விட முடியவில்லை, அந்தக் கோல்லம்தான் அதைக் கடித்துப் பறித்துக்கொண்டு நெருப்பில் விழுந்தான். ஒரு இடத்தில் இரக்கம் காட்டி இரண்டு மரம் போனது. இன்னொரு இடத்தில் அதே இரக்கத்தால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். இரக்கப்படும்போது எது எப்படி முடியும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பலன் தெரிந்துகொண்டு காட்டினால் அதற்கு வேறு பெயர்.

நீங்கள் கம்பன் விழாவுக்கு வருஷா வருஷம் போகிறவர் போலத் தெரிகிறது. நிராயுதபாணியாக நின்ற இராவணனைப் பார்த்து, இன்று போய் நாளை வா என்று இராமன் சொன்னதற்கு நாம் இராமனைக் குறை சொல்கிறோமா? அந்த இடம் வந்தால் மண்டபமே கைதட்டுகிறதே.

கண்டாங்கிக்காரர்:

எல்லோரும் வைரேயை விட்டுவிட்டீர்கள். எனக்கு அவள்தான்.

எங்கள் அப்பா காலம்வரை தறி ஓடியது, நான் இப்போது சேலை வியாபாரம் மட்டும். 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் பிறகு வெளியூர்க்காரர்கள் பேர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். தறியில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும், நெய்தது மடியில் சுருண்டு போய்க்கொண்டே இருக்கும், கண் முன்னால் இருப்பது ஒரு சாண் மட்டும்தான். இழை அறுந்தால் நிறுத்தி, முடிச்சுப் போட்டு, எச்சில் தொட்டு நீவிவிட வேண்டும். அந்த முடிச்சு துணியில் இருக்கத்தான் செய்யும். அப்பா விளக்கைப் பக்கத்தில் பிடித்து அது எங்கே என்று விரலால் தடவிக் காட்டுவார்.

வைரே இதுவரை நடந்த எல்லாவற்றையும் நெய்கிறாள். அவள் கணவன் மாண்டோஸ், இறந்தவர்கள் வந்து காத்திருக்கும் மண்டபம் அவனுடையது. வருவது பெரும்பாலும் அவனுக்குத் தெரியும், சொல்ல மாட்டான். போனதை எல்லாம் அவள் வைத்திருக்கிறாள். யுகம் ஆக ஆக அந்த மண்டபம் பெரிதாகிக்கொண்டே போகிறது, சுவரெல்லாம் அவள் நெய்த துணி. காத்திருப்பவர்கள் தங்கள் வாழ்க்கையை அந்தச் சுவரில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன். முடிச்சு உட்பட.

நகரத்தார் வீடுகளில் படைப்புக்கு என்று எங்களிடம் சேலை எடுப்பார்கள். இறந்துபோன அந்த வீட்டுப் பெண்ணை நினைத்து வைக்கிற சேலை, பேழைக்குள் போய்விடும். கடைக்கு வரும்போதே அந்த அம்மாக்கள் தனியாகத் தெரிவார்கள், விலை பேச மாட்டார்கள். “இந்த அரக்கு அவுகளுக்குப் பிடிக்கும்” என்று நிகழ்காலத்தில் சொல்வார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் போனவரைப் பற்றி அப்படிச் சொன்ன ஒரு ஆச்சியை எனக்குத் தெரியும். நான் அந்தச் சேலையை மட்டும் மடிப்புக் கலையாமல் இரண்டு கையால் எடுத்துக் கொடுப்பேன்.

பள்ளத்தூர்ப் பெண்:

கண்டாங்கி ஐயா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வருகிற படைப்புக்கு ஆயாவுக்குச் சேலை உங்களிடம்தான், கடை எங்கே என்று அம்மா கேட்கிறார்கள்.

நேற்று அந்தப் பாட்டியைப் பார்க்கப் போனேன். ஆயாவுக்குப் பாடியதை ஞாயிறு அன்று சொல்லலாம் என்று, வரிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளப் போனேன். மாட்டேன் என்றுவிட்டார். சாவு விழாத வீட்டில் அதை வாயில் எடுக்கக் கூடாதாம், கேட்பதே தப்பாம். பனங்கிழங்கு அவித்து வைத்திருந்தார், உரித்துக் கொடுத்தார். அப்புறம் எதுக்குடி அதெல்லாம் உனக்கு என்றார். நான் நியென்னா கதையைச் சொன்னேன், மேற்குக் கோடி வீடு, வெளியே பார்க்கிற ஜன்னல், தனக்காக அழாதவள், இறந்தவர்கள் கூப்பிட்டால் போய் நிற்பவள், எல்லாம். நார் கிழிப்பதை நிறுத்தாமல் கடைசிவரை கேட்டார்.

கேட்டுவிட்டு, “அவளுக்கு யாரு அழுவா?” என்றார்.

ஞாயிறு அன்று நான் பேச்சை இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.